முடுக்கமானிக் கிட்டுகள்: எதைச் சோதிக்கிறோம்?

மேசைமேல் ஆடாமல் அசையாமல் கிடக்கும் முடுக்கமானி பூச்சியம் காட்டாது. மேல்நோக்கி 1 ஜி, அதாவது புவியீர்ப்பின் அளவு, என்று காட்டும். கையிலிருந்து நழுவித் தரையை நோக்கி விழும் அந்தச் சிறு பொழுதில்தான் மூன்று அச்சுகளும் பூச்சியத்தை ஒட்டி வரும். முதல்முறை கிட் வாங்கி இணைத்துப் பார்க்கும் மாணவர்களில் பலர் இங்கேயே தடுமாறுகிறார்கள். சென்சார் பழுது என்று எண்ணிக் கடைக்குத் திரும்பக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. பழுது எதுவும் இல்லை. சிப்புக்குள் சிலிக்கான் விற்களில் ஒரு நுண்ணிய நிறை தொங்குகிறது. அதைத் தாங்கிப் பிடிக்க அந்த விற்கள் எவ்வளவு வளைகின்றன என்பதைத்தான் சென்சார் மின்தேக்குத்திறனின் மாற்றமாக அளக்கிறது. மேசைமேல் இருக்கும்போது விற்கள் நிறையின் எடையைத் தாங்கி நிற்கின்றன. விழும்போது தாங்க வேண்டியது எதுவும் இல்லை.

இந்த அடிப்படை புரிந்தபின் எழுகிற கேள்விதான் இக்கட்டுரையின் பொருள். பொழுதுபோக்காக எலெக்ட்ரானிக்ஸ் செய்பவர் ஒரு முடுக்கமானிக் கிட்டை வாங்குகிறார், இணைக்கிறார், பலகையைச் சாய்த்தால் திரையில் எண்கள் மாறுகின்றன. "சோதித்துவிட்டேன், வேலை செய்கிறது" என்கிறார். அவர் சோதித்தது எதை? என் பார்வையில், இணைப்பு சரியா என்பதை மட்டுமே. சென்சாரைச் சோதிக்கும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இந்தச் சிப்புகள் பொழுதுபோக்குக்காகப் பிறந்தவை அல்ல. அனலாக் டிவைசஸ் நிறுவனம் 1991-இல் அறிவித்த ஏடிஎக்ஸ்எல்50, கார் மோதும்போது காற்றுப்பையைத் திறக்கச் செய்வதற்கான சிப். அதன் அளவெல்லை கூட்டல் கழித்தல் 50 ஜி. மோதலா இல்லையா என்று முடிவெடுக்கப் போதுமான அந்தச் சிப், பலகை ஒரு டிகிரி சாய்ந்ததா என்று சொல்வதற்கு உதவாது. பிறகு எல்லை சுருங்கியது, விலை இறங்கியது, ஓர் அச்சு மூன்றாயிற்று. 2003-இல் ஐபிஎம் தன் திங்க்பேட் மடிக்கணினிகளில், கீழே விழும்போது ஹார்டு டிஸ்க்கின் முனையை ஒதுக்கி வைக்க முடுக்கமானியைப் பொருத்தியது. 2006-இல் நின்டெண்டோவின் வீ விளையாட்டுக் கருவி ஏடிஎக்ஸ்எல்330 சிப்பை லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனது. அதன் துணைக்கருவியான நன்சக்கிலும் ஒரு முடுக்கமானி இருந்தது. ஐ2சி என்ற இரு கம்பித் தொடர்பு வழியாகப் பேசியது. அந்த நாளில் தனிச் சென்சார் பலகை வாங்குவதைவிட நன்சக் ஒன்றை வாங்கி ஆர்டுயினோ மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் இணைப்பது மலிவு என்று கண்டுகொண்ட ஆர்வலர்கள் உலகெங்கும் இருந்தார்கள். எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: ஒவ்வொரு சிப்பும் யாரோ ஒருவரின் குறிப்பிட்ட வேலைக்காக வடிவமைக்கப்பட்டது. நம் வேலை அதுவாக இல்லாதபோது, பொருந்துகிறதா என்று பார்க்கும் பொறுப்பு நம்முடையது.

இன்று கிட் என்ற பெயரில் கிடைப்பவற்றில் மூன்று வகை கலந்து கிடக்கின்றன. முதலாவது, சிப் தயாரிப்பாளரே விற்கும் மதிப்பீட்டுப் பலகை. அனலாக் டிவைசஸின் ஏடிஎக்ஸ்எல்335 பலகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: சிப், சில மின்தேக்கிகள், இணைப்பு முனைகள், அவ்வளவுதான். திரை இல்லை, மென்பொருள் இல்லை. இரண்டாவது, சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கும் மலிவு மாட்யூல்கள். மூன்றாவது, முடுக்கமானி ஏற்கெனவே பொருத்தப்பட்ட முழு மைக்ரோகண்ட்ரோலர் பலகைகள்.

இந்த மூன்றாம் வகை பார்க்கக் கவர்ச்சியானது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 49 டாலருக்கு விற்ற குரோனோஸ் ஒரு கைக்கடிகாரம். உள்ளே முடுக்கமானி, அழுத்த உணரி, கம்பியில்லாத் தொடர்பு எல்லாம் இருந்தன. எஸ்டி நிறுவனத்தின் டிஸ்கவரி பலகையை யுஎஸ்பியில் செருகிச் சாய்த்தால் கணினியின் மவுஸ் குறி நகர்ந்தது. 2012-இல் ஃப்ரீஸ்கேல் 13 டாலருக்கும் குறைவாகக் கொடுத்த கேஎல்25இசட் பலகையில் 14 பிட் முடுக்கமானி இருந்தது. 2016-இல் பிரிட்டனின் பள்ளிக் குழந்தைகளுக்கு இலவசமாக வழங்கப்பட்ட மைக்ரோபிட்டில் "குலுக்கினால்", "விழுந்தால்" என்று கட்டளைக் கட்டங்களே ஆயத்தமாக உள்ளன. குழந்தைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பேன். ஆனால் மவுஸ் குறி நகர்வதும் குலுக்கலை அறிவதும் சென்சாரின் குறைகளை மூடி மறைக்கும்படி எழுதப்பட்ட மென்பொருளின் வேலை. குறைகளைப் பார்க்க வேண்டுமென்றால் பதப்படுத்தாத எண்கள் வேண்டும். அந்த வகையில் இணைப்பு முனைகள் மட்டும் உள்ள வெறும் பலகை, பளபளப்பான டெமோ பலகையைவிட நல்ல ஆசிரியர்.

ஏடிஎக்ஸ்எல்335-ஐயே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது எதையும் மறைப்பதில்லை. மூன்று அச்சுகளுக்கும் மூன்று மின்னழுத்த வெளியீடுகள். 3 வோல்ட் கொடுத்தால் ஒரு ஜிக்கு ஏறத்தாழ 300 மில்லிவோல்ட் மாற்றம். பூச்சிய ஜிக்கு நடுவில் 1.5 வோல்ட். இதுவே பாடங்களில் எல்லாம் திரும்பத் திரும்ப வரும் எண். டேட்டாஷீட்டை எடுத்துப் பார்த்தால் அந்த 1.5-க்கு இருபுறமும் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும்: எக்ஸ், ஒய் அச்சுகளில் 1.35 முதல் 1.65 வரை எதுவும் வரலாம். இசட் அச்சில் 1.2 முதல் 1.8 வரை. அதாவது எக்ஸ் அச்சில் அரை ஜி வரையிலான ஆஃப்செட் (பூச்சிய நிலையின் விலகல்), தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அரை ஜி என்பது சாய்வுக் கணக்கில் 30 டிகிரி. தட்டையான மேசைமேல் வைத்த நல்ல சிப் ஒன்று "30 டிகிரி சாய்ந்திருக்கிறேன்" என்று சொன்னாலும் அதைக் குறையுள்ள சிப் என்று யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள். பெரும்பாலான சிப்புகள் இவ்வளவு மோசமாக இருப்பதில்லை என்பது உண்மைதான். உங்கள் கையில் இருக்கும் சிப் எங்கே நிற்கிறது என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

அளக்கும் வழி எளிது, செலவே இல்லாதது. பலகையைச் சதுரமான சிறு பெட்டி ஒன்றில் அசையாமல் திருகிக்கொண்டு, பெட்டியின் ஆறு பக்கங்களையும் ஒவ்வொன்றாகக் கீழே வைத்து, ஒவ்வொரு நிலையிலும் சில நூறு அளவுகளின் சராசரியை எடுக்க வேண்டும். ஓர் அச்சு மேல்நோக்கி இருந்தபோது வந்த எண்ணையும் கீழ்நோக்கி இருந்தபோது வந்த எண்ணையும் கூட்டிப் பாதியாக்கினால் ஆஃப்செட். கழித்துப் பாதியாக்கினால் ஒரு ஜிக்கு உரிய அளவு. இதற்கு ஈர்ப்பு விசையே அளவுகோல். ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுமே என்று கேட்கலாம். நிலநடுக்கோட்டில் நொடிக்கு நொடி 9.780 மீட்டர், துருவங்களில் 9.832, சென்னையில் 9.78-ஐ ஒட்டி வரும். ஏட்டில் உள்ள 9.80665-க்கும் சென்னைக்கும் உள்ள வேறுபாடு 3 மில்லி ஜிக்கும் குறைவு. டிஜிட்டல் வகையான ஏடிஎக்ஸ்எல்345 சிப்பின் ஒரு படியே 3.9 மில்லி ஜி. ஆகவே உங்கள் ஊரின் ஈர்ப்பை 1 ஜி என்று வைத்துக்கொள்வதில் எந்தத் தவறும் நேராது.

ஆஃப்செட்டுக்கு அடுத்தபடி, கிட்டைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் குறை காண்பது எண்களின் துடிப்பில். ஏடிஎக்ஸ்எல்335-ஐ 3.3 வோல்ட்டில் ஓட்டினால் ஒரு ஜிக்குச் சுமார் 330 மில்லிவோல்ட். அதை ஆர்டுயினோ ஊனோவின் 10 பிட் அனலாக்-டிஜிட்டல் மாற்றி, 5 வோல்ட்டை 1024 படிகளாக வெட்டிப் படிக்கிறது. ஒரு படி 4.9 மில்லிவோல்ட், அதாவது 15 மில்லி ஜி. சமநிலைக்கு அருகில் ஒரு டிகிரி சாய்வுக்கு 17 மில்லி ஜிதான் மாறும். ஆக, படிக்கும் கருவியின் ஒரு படியே ஏறக்குறைய ஒரு டிகிரி. சிப்பின் சொந்த இரைச்சல் எவ்வளவு? எக்ஸ், ஒய் அச்சுகளில் ஒரு ரூட் ஹெர்ட்ஸுக்கு 150 மைக்ரோ ஜி. பலகையில் உள்ள 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி அலைவரிசையை 50 ஹெர்ட்ஸில் நிறுத்துவதால் மொத்தம் 1.3 மில்லி ஜி அளவில்தான் வரும். பத்து மடங்குக்கு மேல் நல்ல சிப்பைக் கரடுமுரடான மாற்றியால் படித்துவிட்டு, சென்சார் துல்லியமில்லை என்கிறோம். ஆர்டுயினோவின் ஒப்பு மின்னழுத்த முனையில் அதே 3.3 வோல்ட்டைக் கொடுத்தால் ஒரு படி 10 மில்லி ஜியாகக் குறையும். அதோடு இந்தச் சிப்பின் வெளியீடு வழங்கு மின்னழுத்தத்துக்கு விகிதமாக மாறுவதால், மின்சாரம் ஏறி இறங்குவதால் வரும் பிழையும் பெருமளவு அடிபட்டுப்போகும். ஒரு கம்பியையும் நிரலில் ஒரு வரியையும் மாற்றி இவ்வளவு பயன் பெறுவதைச் சோதனை என்று சொல்லலாம்.

இதே பலகையில் இன்னொரு வசதி பயன்படாமல் கிடக்கிறது. தற்சோதனை முனைக்கு மின்னழுத்தம் கொடுத்தால், உள்ளே இருக்கும் நிறையை நிலைமின் விசை ஒரு பக்கம் இழுக்கும். 3 வோல்ட்டில் எக்ஸ் அச்சு 325 மில்லிவோல்ட் அளவுக்கு இறங்க வேண்டும், ஒய் அதே அளவு ஏற வேண்டும், இசட் 550 அளவுக்கு ஏற வேண்டும். விற்களும் மின்சுற்றும் ஒருசேர நலமாக உள்ளனவா என்று பலகையை அசைக்காமலே இது சொல்லிவிடும். பலகை வாங்கியதும் முதலில் செய்ய வேண்டிய இந்தச் சோதனையைப் பல பாடக்குறிப்புகள் சொல்வதே இல்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

அலைவரிசை விஷயத்தில் வீட்டுப் பொருள்களே போதிய சோதனைக்கூடம். வாஷிங் மெஷின் நிமிடத்துக்கு 1,200 சுற்றில் துணி பிழியும்போது அதிர்வு 20 ஹெர்ட்ஸ். மேலே சொன்ன பலகை அதைத் தாராளமாகப் படிக்கும். மிக்ஸி நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓடினால் 300 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸில் வடிகட்டும் பலகை அந்த அதிர்வின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மிக்ஸி அமைதியாக ஓடுகிறது என்று முடிவு செய்தால் தவறு. மின்தேக்கியை 0.01 மைக்ரோஃபாரடாக மாற்றினால் எல்லை 500 ஹெர்ட்ஸுக்கு உயரும், கூடவே இரைச்சலும் உயரும். பலகையை எப்படிப் பொருத்துகிறோம் என்பதும் இதற்குள் அடக்கம். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிய பலகையும், பிரெட்போர்டில் குத்தி நிறுத்திய பலகையும் தம் சொந்த ஆட்டத்தையே அளக்கும். சிப்பைத் திருகு விழும் இடத்துக்கு அருகில் வைக்க வேண்டும் என்று ஏடிஎக்ஸ்எல்345-இன் டேட்டாஷீட் படம் போட்டே சொல்கிறது.

டிஜிட்டல் சிப்புகள் மாற்றியின் சிக்கலைத் தீர்த்துவிட்டன. ஆனால் வேறு கேள்விகளைக் கொண்டுவந்தன. முதற்கேள்வி, பலகைமேல் இருப்பது பெயரில் உள்ள சிப்தானா என்பது. ஒவ்வொரு சிப்பும் ஒரு பதிவேட்டில் தன் அடையாள எண்ணை வைத்திருக்கிறது. ஏடிஎக்ஸ்எல்345 தசம எண்ணில் 229 என்று விடை தர வேண்டும். எம்பியு6050 தர வேண்டியது 104. 112 என்று வந்தால் கையில் இருப்பது எம்பியு6500. மலிவு மாட்யூல்களில் இந்த மாற்றம் நடப்பது அரிதல்ல. மாறியிருந்தாலும் எண்கள் வரும், பலகை சாய்ந்தால் மாறும். டேட்டாஷீட் மட்டும் வேறு சிப்புடையதாக இருக்கும். இரண்டாம் கேள்வி வேகம். ஏடிஎக்ஸ்எல்345 நொடிக்கு 3,200 அளவுகள் வரை தரும் என்று விளம்பரம் சொல்வது மெய்தான், ஆனால் எஸ்பிஐ என்ற வேகமான தொடர்பு வழியாகப் படித்தால் மட்டுமே. 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சியில் 800-க்கு மேல் போகக் கூடாது. எஸ்பிஐ முனைகளை வெளியே கொண்டுவராத மாட்யூலை அதிர்வு வேலைக்கு வாங்குவது வீண்.

எம்பியு6050-ஐப் பற்றித் தனியாக ஒரு சொல். முடுக்கமானியோடு சுழல்வேகமானியும் அதில் இருப்பதாலும் விலை குறைவாக இருப்பதாலும் கல்லூரி புராஜெக்டுகளில் அதுவே எங்கும் தென்படுகிறது. தானே நிற்கும் ரோபோவுக்கும் குவாட்காப்டருக்கும் அது நியாயமான தேர்வு. ஓடிக்கொண்டே சாய்வை அறிய முடுக்கமானி மட்டும் போதாது. ஆனால் ஒரு பெட்டி திறந்திருக்கிறதா, ஒரு தொட்டி சாய்ந்திருக்கிறதா என்று அறிய இரண்டும் சேர்ந்த சிப் தேவையில்லை.

முடுக்கமானியிடம் கேட்கவே கூடாத ஒன்று உண்டு: தூரம். முடுக்கத்தை ஒருமுறை தொகையிட்டால் வேகம், மறுமுறை தொகையிட்டால் தூரம் என்று பள்ளிக் கணக்கு சொல்கிறது. மேசைமேல் அசையாமல் இருக்கும் சிப்பில் 10 மில்லி ஜி பிழை எஞ்சியிருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். 10 நொடியில் 5 மீட்டர் நகர்ந்ததாகச் சொல்லும். ஒரு நிமிடத்தில் 176 மீட்டர். பிழை நேரத்தின் இருமடியில் வளர்வதால் நல்ல சிப் வாங்கினாலும் தோல்வி சற்றுத் தள்ளிப்போகுமே தவிர நீங்காது. வெப்பநிலை மாறினாலே ஏடிஎக்ஸ்எல்335-இல் டிகிரிக்கு 1 மில்லி ஜி அளவில் ஆஃப்செட் நகரும். காலையில் அளந்து திருத்திய பலகை நண்பகல் வெயிலில் வேறு பலகை. முடுக்கமானியை மட்டும் வைத்து நடந்த தூரத்தை அளப்பதாக மாணவர்களுக்குப் புராஜெக்ட் தலைப்புக் கொடுக்கும் ஆசிரியர்கள் இந்தக் கணக்கை முதலில் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும்.

ஒலியும் இந்தச் சிப்புகளை ஏமாற்றும். 2017-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து நிறுவனங்களின் 20 வகை முடுக்கமானிகளை எடுத்து, உள்ளிருக்கும் நிறையின் ஒத்ததிர்வு எண்ணில் ஒலி எழுப்பிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை இல்லாத முடுக்கத்தை இருப்பதாகக் காட்டின. சாதாரண ஸ்பீக்கரைக் கொண்டே ஒரு நடைக்கணக்குப் பட்டையில் நடக்காத அடிகளை எண்ணவைத்தார்கள்.

இவ்வளவு குறைகளையும் அடுக்கியபின், இதே மலிவுச் சிப் மிகச் சிறப்பாக வேலை செய்யும் இடத்தையும் சொல்ல வேண்டும். முப்பரிமாண அச்சு இயந்திரங்களுக்கான கிளிப்பர் மென்பொருள் ஏடிஎக்ஸ்எல்345-ஐ அச்சுமுனையில் திருகச் சொல்கிறது. பின்பு இயந்திரத்தை 5 ஹெர்ட்ஸில் தொடங்கி நூற்றுச் சொச்சம் ஹெர்ட்ஸ் வரை வேண்டுமென்றே அதிரவைத்து, எந்த எண்ணில் சட்டம் கூடுதலாக ஆடுகிறது என்று வரைபடம் போடுகிறது. அந்த எண்ணைக் கொண்டு மோட்டாரின் ஓட்டத்தையே மாற்றி அமைக்கிறது. அச்சான பொருளின் ஓரங்களில் அலையலையாகத் தெரிந்த தடங்கள் மறைகின்றன. இங்கே ஆஃப்செட் எவ்வளவு இருந்தாலும் கவலை இல்லை, ஏனென்றால் தேடுவது அதிர்வெண்ணை. வெப்பநிலை நகர்வும் பொருட்டில்லை, சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. சிப்பின் பலவீனம் எதையும் அந்த வேலை தொடவில்லை. ஆனால் ஐ2சியில் இணைத்தாலும், தளர்வாகப் பொருத்தினாலும் முடிவு கெடும். அவை அந்த வேலை தொடும் பலவீனங்கள். ஒரு கிட்டைச் சோதிப்பது என்று நான் சொல்வது இந்தப் பொருத்தத்தைக் கண்டறிவதைத்தான்.

கிட் வாங்கப் பணம் இல்லாதவர்களும் தொடங்கலாம். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலி, கைபேசியின் முடுக்கமானி தரும் எண்களைப் பதப்படுத்தாமல் காட்டும், கோப்பாகவும் தரும். ஆறு பக்கச் சோதனையைக் கைபேசியிலேயே செய்துவிடலாம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தலையணைமேல் போட்டால் 0.45 நொடிக்குப் பூச்சியத்தை ஒட்டிய கோடு தெரியும்.

வாங்குவதென்றால் என் தீர்ப்பு இது. சாய்வை மட்டும் அறிய வேண்டியவருக்கும் இந்தச் சிப்புகள் வேலை செய்யும் விதத்தைக் கற்க விரும்புபவருக்கும் ஏடிஎக்ஸ்எல்335 பலகை. அதிர்வுக்கு, எஸ்பிஐ முனைகள் வெளியே உள்ள ஏடிஎக்ஸ்எல்345. பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டியதற்கு, நொடிக்கு 100 அளவுகள் எடுக்கும்போதும் 1.8 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே எடுக்கும் ஏடிஎக்ஸ்எல்362. எதை வாங்கினாலும் அடையாள எண், தற்சோதனை, ஆறு பக்க எண்கள், அன்றைய அறை வெப்பநிலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பலகையோடு கட்டி வையுங்கள். கல்லூரி ஆய்வகத்தில் இருப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் பலகைகளுக்கும் இதைச் செய்து, அந்தத் தாளை அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் கொடுங்கள்.